பழகக் கூடாத முப்பது சொற்கள்

ஐஸ்வர்யா முதல் அட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் இருந்தது சீப்பு. அது சீப்பு என்பதில் குருசாமிக்கு ஐயம் எதுவும் இல்லை. எதற்கு உதவும் பொருள் என்று கேட்டிருந்தால், கையைத் தலைக்குக் கொண்டுபோய் வாரிக் காட்டியிருப்பார். பெயரைக் கேட்டதுதான் வினையாயிற்று. வாயைத் திறந்தார், நாக்கு எழுந்தது, வந்தது வேறு.

“ரைட், போலாம்.”

இரண்டாவது அட்டையில் கடிகாரம். அதற்கும் “ரைட், போலாம்.” மூன்றாவதில் ஒட்டகம். அதற்கும் அதுவே.

குருசாமி, கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் புதூர் செல்லும் தனியார் பேருந்து ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்துநராக இருந்தவர். ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று இறங்கிற்று. ஓட்டுநர் பேச்சிராஜா பிரேக்கை அழுத்திய வேகத்தில், முன்படியில் நின்று சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த குருசாமி வெளியே விழுந்தார். இடது நெற்றிப்பொட்டு மைல்கல்லில் மோதியது. திருநெல்வேலியில் மண்டையைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். நடை திரும்பியது, வலக்கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பிறர் பேசுவது விளங்கும். தெருவில் இருவர் சண்டையிட்டால் யார் பக்கம் நியாயம் என்பதும் விளங்கும். தாம் ஒன்று சொல்ல வாயெடுத்தால் மட்டும், நாளெல்லாம் கூவித் தேய்ந்துபோன அந்த இரண்டு சொற்களே முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

ஐஸ்வர்யா கோவில்பட்டிப் பெண்; பேச்சுப் பயிற்சி படித்தவள். மூளையில் அடிபட்டுச் சொல்லிழந்தவர்களுக்கு அதை மீட்டுத் தரும் வழியை, மதுரையில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ந்துவந்தாள். ஐப்பசி மாதத்து ஈரத்தில், கரிசல் மண் அப்பிய சக்கரங்களோடு அவளுடைய ஸ்கூட்டர் முதன்முதலாகக் குருசாமியின் வீட்டு வாசலில் வந்து நின்றது அன்றுதான்.

முப்பது அட்டைகளும் முடிந்தபோது குருசாமியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குடை, பூட்டு, மத்தளம் என்னும் மூன்று மட்டும் எப்படியோ வாயிலிருந்து விழுந்திருந்தன. ஐஸ்வர்யா தாளின் அடியில் மூன்று என்று எழுதி வட்டமிட்டாள். சோதனை முழுவதையும் அவர் மனைவி சந்தனமாரியின் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். ஐஸ்வர்யாவின் கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோயிருந்தது.

“வீடியோவ எனக்கு அனுப்பிட்டு அழிச்சிருங்க அக்கா,” என்றாள் ஐஸ்வர்யா.

“சரி மேடம்.”

குருசாமி கட்டிலில் சாய்ந்தார். இரண்டு பெண்களும் வெளியே சென்று ஸ்கூட்டரின் அருகே நின்று பேசினார்கள். எதிரே கதிரடிக்கும் எந்திரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த இரைச்சலில் பேச்சு காதில் விழவில்லை. சன்னல் வழியே, ஐஸ்வர்யா விரலை உயர்த்தி ஏதோ அழுத்திச் சொல்வதும், சந்தனமாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பதும் மட்டும் தெரிந்தன. மருத்துவமனையிலும் அப்படித்தான். எவரும் அவரிடம் சொல்வதில்லை. அவரைப் பற்றி அவளிடம் சொல்வார்கள். அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

உள்ளே வந்த சந்தனமாரி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“பன்னெண்டு வாரமாம். வாரம் ரெண்டு நாள் வருவாவளாம். நாலு வாரத்துக்கொருக்கா இதே மாதிரி படம் காட்டிக் கேப்பாவளாம். பன்னெண்டாவது வாரம் பதினெட்டு படத்துக்குப் பேர் சொல்லிட்டியன்னா, ஒரு வருசம் விடாம வந்து பேச வைப்பாவளாம். இல்லைன்னா நம்ம இடம் வேற ஆளுக்குப் போயிருமாம். காத்துக் கெடக்குதாவளாம் ஆளுக.”

குருசாமி பதினெட்டு என்பதைத் தம் இடக்கை விரல்களில் எண்ணிப் பார்த்தார். ஒரு வருடம் விடாது ஒருத்தி வந்து உட்கார்ந்தால், இந்த வாய் என்றைக்காவது திறவாமலா போய்விடும்? திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் “அப்பா” என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை “சீனி” என்று அவனைப் பெயர் சொல்லி அழைத்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை. அதற்கு வேண்டியது பதினெட்டு.

“ரைட்,” என்றார். அந்த ஒருமுறை, சொல்ல நினைத்ததும் சொன்னதும் ஒன்றாயிருந்தன.

ஐஸ்வர்யாவின் பயிற்சி பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. இருபது சொற்களை அவள் தெரிந்தெடுத்திருந்தாள். தண்ணீர், சோறு, வலி, மாத்திரை, வெளியே, சந்தனமாரி, சீனி என்று வீட்டுக்குள் நாள்தோறும் வேண்டிய சொற்கள். ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி வருவாள். தண்ணீர் எங்கே இருக்கும், எதில் மொண்டு குடிப்போம், தாகம் எடுத்தால் தொண்டை எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே போவாள். குருசாமி குடத்தைக் காட்டுவார்; தொண்டையைத் தடவுவார். பிறகு, அவள் உதடு குவிவதைப் பார்த்துத் தாமும் முயல்வார். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பின் “தண்ணி” என்று வரும். சந்தனமாரி கைதட்டுவாள். மறுநாள் காலையில் அந்தச் சொல் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

“இப்படித்தான் அண்ணாச்சி போகும், வரும். பத்துத் தடவ போய்ட்டுப் பதினோராவது தடவ நின்னுரும்,” என்பாள் ஐஸ்வர்யா. “அடிபட்ட முதல் எட்டு ஒம்பது மாசந்தான் மூளை வேகமாத் தேறுத காலம். அத விட்ராம பழகணும்.” இருபது சொற்களுக்கும் அட்டைகள் செய்து ஒரு மஞ்சள் பையில் போட்டு, நாள்தோறும் காலையும் மாலையும் பழக்கும்படி சந்தனமாரியிடம் கொடுத்திருந்தாள்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள், பயிற்சி நடந்துகொண்டிருக்கையில் பேச்சிராஜா வந்தான். விபத்துக்குப் பின் அவன் குருசாமியின் முகத்தை நேரே பார்த்துப் பேசியதில்லை. அந்தக் கூச்சத்தை மறைக்க, வாசலிலேயே குரலை உயர்த்திக்கொண்டு வருவது அவன் வழக்கம்.

“ஏலே குருசாமி, புதுசா வந்திருக்க கண்டக்டரு பய, பெருசுகளக்கூட ‘உள்ள போங்க சார்’ங்கான். ஒன்னய மாதிரி வஞ்சு ஏத்துதவன் இல்லாம வண்டியே மூளியா கெடக்குல.”

“ரைட், போலாம்,” என்று சிரித்தார் குருசாமி.

“போலாம்தான். எங்கன போவ? எங்க, சொல்லு பாப்போம். கோயில்பட்டி...” என்று பேருந்து நிலையத்தில் கூவுவதுபோல் இழுத்தான் பேச்சிராஜா.

குருசாமியின் வாய் தானே திறந்துகொண்டது. கோவில்பட்டியில் தொடங்கி, ஆஸ்பத்திரி விலக்கு, மில் கேட், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று வழியிலுள்ள நிறுத்தம் ஒவ்வொன்றையும் விடாமல், ஒரே மூச்சில், அதே பழைய இராகத்தில் சொல்லிக்கொண்டு போய்ப் புதூரில்தான் நின்றார். சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பாத்தியா தங்கச்சி! இவன் மண்டைக்குள்ள எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. வரிசையா வச்சாப் போதும், வந்துரும்!” என்றான் பேச்சிராஜா.

ஐஸ்வர்யா புன்னகை செய்தாள். ஆனால் தலையை அசைத்தாள். “அது வேற அண்ணாச்சி. அது பாட்டு மாதிரி. மூளையில வேற எடத்துல இருக்கு. அதுக்குள்ள இருந்து ஒத்தச் சொல்லப் பிச்சு எடுக்க முடியாது.” குருசாமியின் பக்கம் திரும்பி, “எட்டயபுரத்துக்கு அடுத்தாப்புல எந்த ஊரு அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

குருசாமிக்கு அந்த ஊரின் கடைத்தெரு கண்ணில் தெரிந்தது. மிளகாய் வற்றல் மூட்டைகள் தெரிந்தன. “ரைட்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“இவ்வளவுதான்,” என்றாள் ஐஸ்வர்யா மெல்ல.

பேச்சிராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. சந்தனமாரியின் முகம் சுண்டவில்லை. அவள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவள்போல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை அவள் ஆலையிலிருந்து திரும்பும்போது ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். தீப்பெட்டி ஆலையில் பெட்டிக்குள் குச்சி அடைப்பது அவள் வேலை. பைக்குள் இருந்தவை வெற்றுத் தீப்பெட்டிகள், மொத்தம் முப்பது. அவற்றைக் கட்டிலின் மீது ஒரே வரிசையாக அடுக்கினாள். முதற்பெட்டியை விரலால் தள்ளினாள். உள்தட்டு வெளியே வந்தது; அதில் சீப்பின் படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மகன் சீனியின் பழைய பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் வார இதழ்களிலும் தேடித் தேடி வெட்டி ஒட்டியிருந்தாள்.

“மேடம் குடுத்த வேலை,” என்றாள். “இந்த முப்பதையும் இந்த வரிசையிலயே பழகணும்னு சொல்லியிருக்காவ. சொல்லுங்க. சீப்பு.”

“ரைட்...”

“ரைட்டு இல்ல. சீ...ப்பு. பேச்சிராஜா அண்ணன் இழுத்தாவல்லா, அது மாதிரி இழுத்துச் சொல்லுங்க. சீப்பூ, கடிகாரம், ஒட்டகம், குடை...”

குருசாமி அவள் வாயைப் பார்த்தார். அந்த இராகம் அவருக்குத் தெரிந்த இராகம். அதில் ஏறிக்கொள்வது, நகரும் வண்டியில் ஏறிக்கொள்வதுபோல எளிதாயிருந்தது. மூன்று நாளில் முதல் ஐந்து பெட்டிகள் வந்துவிட்டன. ஒரு வாரத்தில் பத்து. தாமே சொன்னதைத் தம் காதால் கேட்டபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான்கு மாதங்களாக ஒரு சொல்லுக்கு ஏங்கிக் கிடந்தவர், இப்போது முதலை என்றும் ஏணி என்றும் கப்பல் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அவள் ஆலைக்குப் புறப்படுமுன் ஒரு முறை, மாலையில் திரும்பியதும் இரு முறை. அவள் இல்லாத பகற்பொழுதிலும் பெட்டிகளைத் தாமே பரப்பி வைத்துக்கொண்டு பழகினார். பெட்டியைத் தள்ளுமுன்பே பெயர் நாக்குக்கு வந்துவிடுவதைத் தம் முன்னேற்றத்துக்கு அடையாளமாகவே கொண்டார்.

மஞ்சள் பை மட்டும் அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது. ஒருமுறை அதை நோக்கிக் கையை நீட்டினார்.

“அது பொறவு,” என்றாள் சந்தனமாரி. “மொதல்ல இது முடியட்டும். மேடம் சொன்னபடிதான போவணும்?”

மேடம் சொன்னபடிதான் போகவேண்டும். குருசாமி தலையசைத்தார்.

பேச்சிராஜா ஒருநாள் வந்து, பெட்டி வரிசையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். “ஒட்டகமா! நம்ம கரிசக்காட்டுல ஒட்டகத்த வச்சு என்னலே செய்யப் போற? மொளகாச் செடிய மேய விடப் போறியா?”

“கெக்கலி போடாம போங்கண்ணே,” என்று அதட்டினாள் சந்தனமாரி. “அவிய சொல்லுதாவல்லா, அதப் பாருங்க.”

நான்காம் வாரத்துச் சோதனையில் பதினொன்று. எட்டாம் வாரத்தில் இருபத்திரண்டு. இருபத்திரண்டு என்று எழுதி வட்டமிட்ட ஐஸ்வர்யாவின் கண்கள் கலங்கியிருந்தன. “அண்ணாச்சி, நான் பாத்த ஆளுகள்ல யாருக்கும் இப்படி வந்ததில்ல,” என்றாள். அன்று அவள் சந்தனமாரியின் அடுப்படியில் உட்கார்ந்து, கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். தன் இருபது சொற்களில் நான்குகூட நிலைக்கவில்லையே என்பது அவளுக்கு வியப்பாகத்தான் இருந்தது. பயிற்றிய சொல் தங்காமல், பயிற்றாத சொல் தானே திரும்புகிறது என்றால் அது புதுமையன்றோ? “பழக்காத சொல்லு தானா வருது! மதுரைக்கு எழுதப் போறேன் அக்கா, பேராசிரியர் ரொம்ப சந்தோசப்படுவாரு,” என்று சொன்னாள். பயிற்றாத சொல் என்று அவள் எதைச் சொல்கிறாள் என்பது குருசாமிக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்பதற்கு அவரிடம் சொல் இல்லை.

மார்கழியில் ஒருநாள் அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. சந்தனமாரி அடுப்படியில் இருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போனார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். வாயைத் திறந்து, உள்ளே இருந்த பலமனைத்தையும் கூட்டி முயன்றார்.

“ஒட்டகம்,” என்றார்.

சந்தனமாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “நல்லா வருது! அடுத்தாப்புல?”

“குடை,” என்றார். வேறு என்ன செய்வது? வீங்கிய கன்னத்தை மறுநாள் காலையில்தான் அவள் கண்டாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மாலையில் பெட்டிகளைப் பரப்பத் தவறவும் இல்லை. இன்னும் நான்கு வாரந்தான் இருந்தது.

தை பிறந்தது. மக்காச்சோளக் கதிர்கள் அறுபட்டு, கரிசல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை. குருசாமி புதுச் சட்டை அணிந்து, முகம் மழித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐஸ்வர்யா தன் கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அட்டைக் கட்டைக் கையில் எடுத்தாள்.

“சீப்பு,” என்றார். “கடிகாரம். ஒட்டகம். குடை. கத்தரிக்கோல். முதலை.”

ஒவ்வொன்றுக்கும் அவள் பேனா ஒரு குறி இட்டது. அடுத்த அட்டை திரும்பியது.

“ஏணி.”

பேனா அசையவில்லை. குருசாமி அட்டையைப் பார்த்தார். அதில் ஏதோ இருந்தது. அடுத்த அட்டை வந்தது. “பூட்டு,” என்றார். பேனா அசையவில்லை. அடுத்தது. “கப்பல்.” அடுத்தது. “மத்தளம்.” ஐஸ்வர்யாவின் முகத்திலிருந்து நிறம் வடிந்துகொண்டே வந்ததை அவர் கண்டார். அட்டையை மறுபடி உற்றுப் பார்த்தார். அது மத்தளம் அன்று, மணி. மணிக்கு மத்தளம் என்று சொல்லியிருந்தார். அதற்கு முன்னும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஐஸ்வர்யா அட்டைக் கட்டைத் திருப்பி விரலால் தடவினாள். மாவு பிசைந்த கையால் யாரோ தொட்டதுபோல் இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்தாள். முதலைக்குப் பின்னால் ஏணி ஒளிந்துகொண்டிருந்தது.

“நான் ஏணியக் காட்டவே இல்ல,” என்றாள், தனக்குத்தானே பேசுபவள்போல. பிறகு திரும்பினாள். அவள் திரும்பியது குருசாமியின் பக்கம் அன்று. அடுப்படி வாசலில் நின்ற சந்தனமாரியின் பக்கம்.

“அக்கா, இவுக படத்தப் பாத்துச் சொல்லல. வரிசைய ஒப்பிக்காங்க. இந்த வரிசை இவுகளுக்கு எப்படித் தெரியும்?”

சந்தனமாரியின் பார்வை கட்டிலின் அடிக்குப் போயிற்று.

“அக்கா, அந்த வீடியோவ அழிச்சீங்களா, இல்லையா?”

சந்தனமாரி கட்டிலின் அடியில் குனிந்து துணிப்பையை இழுத்து, அவள் முன்னால் வைத்தாள். ஐஸ்வர்யா ஒரு தீப்பெட்டியைத் தள்ளினாள், இன்னொன்றைத் தள்ளினாள். நான்காவதோடு நிறுத்திக்கொண்டாள்.

“இந்த முப்பதையும் பழக்கக் கூடாதுன்னு மொத நாளே, வண்டிகிட்ட நின்னு, அவ்வளவு சொன்னேனே அக்கா! இது காய்ச்சல் பாக்குத தெர்மாமீட்டர் மாதிரின்னு சொன்னேனே. நீங்க தெர்மாமீட்டர வெந்நீர்ல முக்கியில்லா கொண்டாந்து காட்டியிருக்கீங்க!”

“சொன்னீங்க. இல்லங்கல.”

“பொறவு ஏன்?”

“பொறவு ஏனா?” சந்தனமாரியின் குரல் உயர்ந்தது. “மூணுன்னு எழுதி வட்டம் போட்டீங்க. பதினெட்டு வரலைன்னா வேற ஆளுன்னீங்க. பாஸாவலைன்னா வெளிய போன்னு சொன்னா, கேள்வித்தாளு கையில இருக்கையில நான் படிக்க வைக்காம என்ன செய்வேன்? எம் புருசன் பேச்சு என்ன பள்ளிக்கூடப் பரீட்சையா மேடம்?”

“அந்த விதி நான் போட்டது இல்ல அக்கா. மதுரையில போட்டது.”

“யாரு போட்டா என்ன? வந்து சொன்னது நீங்கதான்.”

“என் மஞ்சப்பை எங்க? அந்த இருபதும்?”

சந்தனமாரி அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். ஐஸ்வர்யா எழுந்து அதை எடுத்தாள். பையின் வாய் அவள் கட்டிக் கொடுத்த முடிச்சோடு அப்படியே இருந்தது. அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

“மூணு மாசம் அக்கா. மூளை தேறுததுக்குன்னு இருக்கதே கொஞ்ச மாசந்தான். அதுல மூணு மாசத்த, ஒட்டகமும் முதலையும் ஒப்பிக்கதுக்குத் தொலைச்சிட்டீங்க. ‘தண்ணி’ன்னு ஒரு வார்த்த நின்னிருக்கும். ‘வலி’ன்னு ஒண்ணு நின்னிருக்கும். நானும் நம்பி மதுரைக்கு எழுதிட்டேன். பேராசிரியரு அத ஒரு கூட்டத்துல வாசிச்சும் முடிச்சிட்டாரு. உங்க வீட்டுச் சோறு தின்னுட்டுப் போயி எழுதினேன்.” குருசாமியின் பக்கம் கையை மட்டும் காட்டினாள். “இவுகளும் சேந்துதான் செஞ்சாங்களா?”

“அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க குடுத்த வேலைன்னு சொல்லித்தான் பழக்கினேன்.”

இவ்வளவும் குருசாமியின் தலைக்கு மேலாகவே நடந்தது. ஒருத்தி அவருடைய வலப்புறம் இருந்தாள், ஒருத்தி இடப்புறம். அவர் நடுவில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முதலில் அவருக்குக் காது அடைத்தாற்போல் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக விளங்கிற்று. விடியற்காலையில் குளிரில் எழுந்து உட்கார்ந்து பழகியவை பேச்சே அல்ல. பகலெல்லாம் தனியாகப் பெட்டி தள்ளித் தள்ளி, இன்று ஒன்று கூடிற்று, நாளை ஒன்று கூடும் என்று மகிழ்ந்தது, கூலிக்கு ஒப்பிக்கும் கிளியின் மகிழ்ச்சி. அவள் அறிந்தே செய்தாள். அவர் ஒவ்வொரு முறை சிரித்தபோதும், தாமே கைதட்டிக்கொண்டபோதும், அது பொய்யென்று அறிந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்து “அடுத்தாப்புல?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கிய அன்று மாலையிலும் கேட்டாள்.

மற்றவளோ? வண்டியருகே விரலை உயர்த்திச் சொன்னாளே, அது இதுதானா? பத்தடி தூரத்தில், சன்னலுக்கு உள்ளே, காது கேட்கிற, சொன்னால் விளங்குகிற ஓர் ஆள் படுத்திருந்தான். பழகக்கூடாது என்பதை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முதல் தீப்பெட்டி திறந்த அன்றே அதைத் தட்டி எறிந்திருப்பான். சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. சொல்லை ஆராய வந்தவளுக்கே தோன்றவில்லை.

“இப்ப என்ன செய்யதுன்னு சொல்லுங்க அக்கா,” என்றாள் ஐஸ்வர்யா. “நான் உள்ளத எழுதினா இடம் போயிரும். எழுதாம விட்டா...”

குருசாமி மேசையை இடக்கையால் ஓங்கி அறைந்தார்.

இருவரும் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்கள். அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்கள்போல் பார்த்தார்கள். அவர் கையை நீட்டி, ஐஸ்வர்யாவின் மடியிலிருந்த அட்டைகளை வாங்கினார். வலக்கை ஒத்துழைக்கவில்லை, சில அட்டைகள் தரையில் சிதறின. சந்தனமாரி குனிந்து எடுக்க வந்தாள். அவளைக் கையமர்த்தித் தாமே குனிந்து பொறுக்கினார். முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் செருகினார். மறுபடியும் கலைத்துச் செருகினார். பிறகு கட்டை ஐஸ்வர்யாவின் முன் வைத்து, அவள் தாளை விரலால் இரண்டு முறை தட்டினார்.

“இப்பவா அண்ணாச்சி?”

மறுபடியும் தட்டினார்.

“வேண்டாங்க,” என்றாள் சந்தனமாரி. அவள் குரல் கெஞ்சியது. “இன்னொரு நாளைக்கு... மேடம், வேண்டாம்னு சொல்லுங்க. மூணு மாச உழைப்புங்க!”

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

முதல் அட்டை கலங்கரை விளக்கம். இராகம் இல்லை, முன்னே ஒரு நிறுத்தம் இல்லை, பின்னே ஒரு நிறுத்தம் இல்லை. அட்டை மட்டும் இருந்தது. “ரைட்...” என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தார். இல்லை என்று எழுதச் சொன்னார். அடுத்தது பூட்டு. வெகுநேரம் பார்த்தார். “பூட்டு.” அது வந்தது. அடுத்த ஆறும் வரவில்லை. குடை வந்தது. கத்தரிக்கோலைக் கண்டபோது “கத்தரி...” என்றதோடு நின்றுபோயிற்று. ஐஸ்வர்யா போதும் என்று குறியிடப் பேனாவை எடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டின் மீது கையை வைத்துத் தடுத்தார்.

“பாதி வந்திருக்கே அண்ணாச்சி, குடுக்கலாம்.”

அவர் கையை எடுக்கவில்லை. அவள் அதை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் திருப்பினாள். முப்பதும் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. மத்தளமும் மணியும் வந்தன. மொத்தம் நான்கு.

அவள் எழுதத் தயங்கினாள். குருசாமி நான்கு விரல்களை அவள் முகத்துக்கு நேரே நிமிர்த்திக் காட்டினார். அவள் எழுதினாள். அவர் எழுத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

சந்தனமாரி அடுப்படிச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இடத்தத் தன் கையாலேயே தொலைச்சாச்சு,” என்றாள். “ஒரு வருசம்! நான் எனக்காவா செஞ்சேன்? எனக்காவா?”

ஐஸ்வர்யா அட்டைகளைப் பெட்டிக்குள் வைத்தாள். கைப்பேசியை எடுத்தாள். “மதுரைக்கு உள்ளத உள்ளபடி எழுதுதேன்,” என்று சொல்லிவிட்டு வாசல் வரை போனவள், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி திரும்பி நின்றாள்.

“அக்கா, திட்டத்துல இல்லைன்னாலும் ஞாயித்துக்கெழம நான் தனியா வந்து...” என்று தொடங்கிச் சட்டென நிறுத்தினாள். நான்கடி நடந்து வந்து, குருசாமியின் நாற்காலிக்கு எதிரே, அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, உங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு. ஞாயித்துக்கெழம நானே வந்து அந்த இருபதப் பழக்குதேன். வரட்டுமா?”

அவருக்கு அது வேண்டும். அவர் அடைந்த இழப்பு அனைத்துக்கும் எதிரே நின்ற ஒரே வழி அது. அதற்குச் சொல்லும் தேவையில்லை. தலையைச் சற்றே தாழ்த்தினால் போதும். அவள் கண்கள் அவர் முகத்தைவிட்டு அகலவில்லை. அடுப்படியிலிருந்து இன்னொருத்தியும் விம்மலை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் இவ்வளவு நேரம் அவர் மறுமொழிக்காகக் காத்திருந்தது இதுவே முதன்முறை. குருசாமி அவர்களைக் காக்கவைத்தார். வெளியே சாலையில் புதூர் வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு கடந்து சென்றது. ஐஸ்வர்யா முதலில் மடக்கியிருந்த காலை மாற்றி மடக்கினாள். பிறகு மெல்ல எழுந்தாள். எழுந்த பிறகும் சிறிது நேரம் நின்று பார்த்தாள். அவர் தலை ஆடவில்லை. அவள் போன பின்னும், சந்தனமாரி விளக்கேற்ற எழுந்த பின்னும், அது ஆடவில்லை.